பெயர் நீக்கிய ரத்தம்

ஐப்பசி, வியாழன் இரவு.

எங்கள் ஆய்வில் கூட்டுச் சேர்ந்த சென்னைக் கணினி மையம், வெள்ளிமலைக் கிராமக் குழந்தைகளின் பெயர்களை நீக்கிவிட்டு ரத்தத் தகவல்களை அனுப்பச் சொன்னது. எங்களிடம் இருந்த ஒரே கோப்பிலேயே நீக்கி அனுப்பிவிட்டேன். இன்று பதில் வந்தது. ஒரு குழந்தைக்குக் கடுமையான ரத்த நோய், உடனே சிகிச்சை தேவை. எண் மட்டும் இருக்கிறது. எந்தக் குழந்தை என்று யாருக்கும் தெரியாது.

உடனே ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போனேன். அங்கே தாய்மார்களிடம், எல்லாக் குழந்தைகளுக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.

“போன தபா எடுத்துக்கினு போனத இன்னா பண்ணீங்க மேடம், குடிச்சிட்டீங்களா?” என்றாள் அவர்களில் ஒருத்தியான செல்வி. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லதான?” என்று செல்வியே கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அவள் சிரிப்பு நின்றது. பிறகு பிள்ளையின் விரலை அவளே என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

ஊசியால் குத்தினேன்.