பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்

அக்கா,

பேத்தி மாலதியின் மதிப்பெண் பட்டியலைத் தேடி இன்று காலை பழைய கோப்பைத் திறந்தேன். உன் பத்தியத் தாள் வந்து விழுந்தது. கிழியாமலிருக்க நான்தான் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். அப்போதிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன். எதிலும் மனம் நிற்கவில்லை. குழம்பாமலிருக்க, சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அந்தத் தாளும் நமக்குள் நடந்த சண்டையும்.
2. மாலதி எங்கே படிப்பது.
3. தாளை எழுதிய ஆஸ்பத்திரி அம்மா உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது.

முதலாவது. சர்க்கரை கூடிப்போய் உன்னைத் திருப்பதிக்கு அழைத்துப்போனபோது, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாள் அது. காலையில் இட்லி இரண்டு, இரவில் சப்பாத்தி இரண்டு. அதைச் சமையலறைச் சுவரில் மாட்டி வேளைக்கு வேளை சரிபார்த்தேன். வடமாலபேட்டை நிலத்தில் கேழ்வரகு விதைத்து, களி தின்று, என்னைப் பட்டப்படிப்புவரை அனுப்பியவள் நீ. சப்பாத்தியை மாட்டுக்கு வைத்துவிட்டு, நான் தூங்கும் மத்தியானத்தில் களி கிண்டிக்கொண்டாய். ஒருநாள் கையில் உருண்டையோடு பிடித்துவிட்டேன்.

"சார்ட்டுல இருக்கறத சாப்பிடு அக்கா."

"சார்ட்ட நீ துன்னு. எனுக்கு இது போதும்" என்று உருண்டையைக் குழம்பில் தோய்த்தாய்.

பிறகு காலில் புண் வந்தது, ஆறவில்லை. நீ போன பின், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், சொன்னபடி சாப்பிட மாட்டேன் என்றாள் என்று சொன்னேன்.

இரண்டாவது. மாலதி உணவியல் படிக்கப் போகிறாள். நாங்கள் பாகாலாவில் இருப்பதால் சித்தூரும் திருப்பதியும் போய்வரும் தூரம்தான். திருப்பதிக் கல்லூரியில் கடைசி ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. இரண்டு வருடமாக அவள் பேச்செல்லாம் அதுதான். சித்தூரில் உள்ளது உணவு அறிவியல். ஆய்வுக்கூடம் உண்டு, நோயாளிகள் கிடையாது. நாளைக்குள் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் கட்டம் போட்டு ஒப்பிட்டுக்கூடக் கொடுத்தேன்.

இன்று உன் தாளை எடுத்துப் பார்த்தவள், "இன்னா தாத்தா, இதுல களியே இல்ல? பெரியாயா மூணு வேளையும் அதத்தானே துன்னும்?" என்றாள்.

"ஆமா."

"இன்னா துன்றீங்கன்னு அவங்க கேக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

"அந்தம்மாவும் திருப்பதி காலேஜ்ல படிச்சவங்கதானே? நீதானே சொன்ன. கேக்காம எழுதத்தான் அங்க சொல்லித் தர்றாங்கன்னா எனுக்கு வேணாம். சித்தூர்லயே சேர்ந்து மாவ வெச்சிக்கினு ஆராய்ச்சி பண்றேன்."

அவள் அப்பா என்ன சொல்லியும் கேட்கவில்லை. உன் பிடிவாதம்.

மூன்றாவதை எழுத வந்ததும் பேனா நின்றுவிட்டது. தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அறை நினைவிருக்கிறதா? அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்து, "ஏம் தின்டாரம்மா மீரு?" என்று, நீ என்ன சாப்பிடுவாய் என்பதைத் தெலுங்கில் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான் இங்கிலீஷில் முந்திக்கொண்டேன்: காலையில் இட்லி, இரவில் சப்பாத்தி. இவ்வளவு படித்தவன் வீட்டில் மூன்று வேளையும் களியா என்று அந்த வெள்ளைக் கோட்டு நினைத்துவிடுமே என்று கூசினேன். அவர் நான் சொன்னதை நம்பி எழுதினார்.

வெளியே வந்ததும் நீ சத்தம் போடவில்லை. "சப்பாத்தி துன்றவ எவடா அவ? அவளயே இட்டாந்திருக்கலாமே" என்றாய். சுவரில் மாட்டிய பத்தியத் தாளைப் பின்னால் கோப்பில் வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை வைக்க இடம் கிடைக்கவில்லை.

பக்கத்து அறையில் மாலதி சித்தூருக்குப் பதிவு செய்ய லேப்டாப்பைத் திறக்கிறாள். உன் தாளையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். அவள் படிக்கட்டும்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு, அக்கா. அவர் கேட்டார். உன்னைச் சொல்ல விடாதவன் நான்.