இந்தா இருக்கிற பரவை

வானம் மூட்டம் போட்டால் உன் படகு வார் நனைந்துவிடுகிறது. ஆனையூர் வீட்டில், என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இரு முனையிலும் எஃகுக் கொக்கி. வெயில் நாளில் விறைத்துக் கிடக்கும். நெசவுக்குள் ஏறிய கடலுப்பு மட்டும் போகவில்லை. இன்று காலை மழைக்கு இருட்டியதும் தொட்டுப் பார்த்தேன். ஈரம். விரலை நாக்கில் வைத்தேன், கரித்தது.

கப்பல் இன்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், உன் கோச்சடை வீட்டுக்கு மராமத்து பார்க்காமல் கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினாய். கரை தெரியாத கடலில் அந்தமான் வரை போய்விட வேண்டும் என்பது உன் ஆசை. அதற்கு ஒத்திகையாக, முதலில் கரையோரமாகவே தூத்துக்குடி வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டாய். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் நான்.

கடலில் என் நெஞ்சில் கட்டிய பட்டைக்கும் படகின் கம்பிக்கும் நடுவே இந்த வார். தவறி விழுந்தாலும் படகை விட்டுப் போக முடியாது. கொல்லம் தாண்டி, கடல் அசையாமல் கிடந்த ஒரு மதியம், உன்னிடம் டீ வாங்க வாரை மாட்டாமல் தளத்துக்கு ஏறினேன்.

"கொக்கி எங்க மாப்ள?"

"கடலு கம்மா மாதிரி கெடக்கு. ரெண்டு எட்டு வந்து டம்ளர வாங்கப் போறேன். இதுக்குமா?"

"காத்தடிச்சா எல்லாப் பயலும் மாட்டுவான். ரெண்டு எட்டுதேன்னு நெனைக்கிறவந்தேன் விழுவான். மொதல்ல மாட்டு, டீ தாரேன்."

"கெடா மாதிரி கட்டியே அந்தமானுக்குக் கூட்டிப் போயிருவ போல."

"கெடான்னா சொன்ன பேச்சுக் கேக்கும்."

குமரிமுனையைச் சுற்றும்போது காற்று எதிரே திரும்பியது. ஓர் அலை தளத்தில் ஏறி, என் காலை வாரி விளிம்புவரை இழுத்துப் போனது. வார் சுண்டி என்னை நிறுத்தியது. நீ சுக்கானை விடவில்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, "இப்ப டீ வேணுமா?" என்றாய்.

தூத்துக்குடியில் படகைக் கட்டிவிட்டு, பெரிய பயணத்துக்குச் சாமான் வாங்க ஊருக்கு வந்தோம். குளிர்பெட்டிக்குள் போகாத காய்தான் கடலில் தாங்கும், வெங்காயத்தை ஊரை ஒட்டியிருக்கும் பரவை மார்க்கெட்டில் மூட்டை இறங்கும்போதே வாங்க வேண்டும் என்றாய். மறுநாள் காலை நீ அங்கே போனாய். நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன்.

எங்கள் பரவை நிருபர் அழைத்தார். "அண்ணே, மார்க்கெட் பக்கத்துல ஆக்சிடென்ட். ஆளு ஸ்பாட்லயே போயிட்டாரு."

பல வருடப் பழக்கம். வரிசையாகக் கேட்டேன். என்ன வண்டி? ஸ்கூட்டர். மோதியது? லாரி. ஹெல்மெட்?

"இல்லண்ணே. ரோடு பூரா வெங்காயமாக் கெடக்கு."

"எம்புட்டு எழுதுனாலும் இவனுக திருந்த மாட்டானுகப்பா," என்றேன், எழுதிக்கொண்டே. "பேரு?"

சட்டைப்பையில் இருந்த லைசென்ஸைப் பார்த்து அவர் உன் பெயரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எழுதினேன். இனிஷியல் சரிதானா என்றுகூடக் கேட்டேன். எழுதி முடித்த பிறகுதான் அதை வாசித்தேன்.

கோச்சடை வீட்டு வாசலில் உன் ஹெல்மெட் தொங்கியது. "கையில எடுத்துக் குடுத்தேண்ணே," என்றாள் உன் மனைவி. அழவில்லை, என்னிடம் நியாயம் கேட்பதுபோல் நின்றாள். "பரவைதேன, இந்தா இருக்கு, போட்டா வேர்க்குதுன்னாரு."

நீயா? ஒரு டம்ளர் டீக்குக் கொக்கி மாட்டச் சொன்ன நீயா? குமரிமுனையில் உன்னைக் கடல் கொண்டுபோயிருந்தால் அழுதிருப்பேன், எழுதியும் இருப்பேன். இதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் என்னால் நம்ப முடியவில்லை. திருத்தம் போடவேண்டிய செய்தியாகவே இன்னும் தெரிகிறது.

படகு தூத்துக்குடியிலேயே நிற்கிறது. விற்க அவளுக்கு மனமில்லை. இந்த வாரை மட்டும் என்னிடம் கொடுத்தாள்.

பரவை நிருபர் இப்போதும் அழைக்கிறார், சில நாள் வீட்டுக்கே. "அண்ணே, ஒரு ஆக்சிடென்ட்" என்றதும் என் கை தானாக மேலே போய் வாரைப் பிடித்துக்கொள்கிறது. இடம், வண்டி, ஹெல்மெட் எல்லாம் அப்புறம்தான். பெயரை முதலில் கேட்டுவிடுகிறேன், மாப்ள.