கீழ் வீட்டுச் சாவி

ஐப்பசி, புதன்கிழமை.

வியாசர்பாடியில் இடித்துக் கட்டிய எங்கள் குடியிருப்பில் யாருக்கு எந்த வீடு என்று இன்று குலுக்கல். கட்சிக்காரர்கள் புகுந்து விளையாடக் கூடாது, எல்லோருக்கும் ஒரே குடம், ஒரே சீட்டு என்று மனு எழுதியவனே நான்தான். எனக்குத் தரைத்தளம் விழுந்தது. துறைமுகத்தில் ஒரு காலை இழந்த டில்லி அண்ணனுக்கு நாலாவது மாடி. லிப்ட் கிடையாது.

அவருக்கு மட்டும் கீழே ஒரு வீடு கொடுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். என் மனுவையே எடுத்து நீட்டினார். "அப்ப உங்க வீட்டைக் குடுங்களேன்" என்றார்.

இருபது வருடம் மாடிக்குத் தண்ணீர் தூக்கிய என் மனைவி மல்லிகா, பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். நான் கையெழுத்துப் போட்டுக் கீழ் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

டில்லி அண்ணன்தான் என்னைத் தேற்றினார். "வுடு நைனா. எனக்கு கால் இல்லன்னு சீட்டுக்கு இன்னா தெரியும்?"

சீட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. கடவுளே, எனக்குத் தெரியுமே.