ஏழாம் வாய்ப்பாடு

சிங்கப்பூர், 12 மார்ச் 1979, திங்கள்
காலையிலிருந்து மழை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க கிளினிக்கில் போத்தல் கொடுத்தார்கள். கழிவறைத் தாழ்ப்பாள் உடைசல். உதவியாள் கதவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றான். எனக்கு வரவில்லை. ஒரு சொட்டு இல்லை. வரிசையில் யாரோ, "உள்ள என்ன கிணறு வெட்டறாரா லா?" வெறும் போத்தலோடு திரும்பினேன். வீரன்.

வீட்டில் சொன்னேன். மனைவி மேரிக்குச் சிரித்துப் புரையேறியது. மகன் ஜோசப் சிரிக்கவில்லை. பிறகு தனியாக வந்தான். "பைப்பைத் திறந்து விடுங்கப்பா. கண்ணை மூடிக்கிட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க. வரும்."

போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து அவன் வந்து ஆறு மாதம். வாரம் இரண்டு காலை போலீஸ் நிலையத்தில் சிறுநீர் கொடுக்கிறான், பின்னால் ஒருவர் நின்று பார்க்க. ஹெராயின் பவுடர் எடுத்தது தெரிந்தால் மறுபடி உள்ளே. இத்தனை நாளும் நான் அவனைக் கேட்டது, "பஸ் கிடைச்சுதா?"

14, புதன்
சிராங்கூன் ரோடு மாடியில் யூனியன் கூட்டம். மின்விசிறி ஓடவில்லை. எங்கள் கப்பல் பட்டறையில் ஜோசப்பையும் சேர்த்து இப்படி நாலு பேர். சோதனை நாளில் எப்படியும் தாமதம். மூன்று தாமதம் என்றால் வேலை போகும். ஜோசப்புக்கு இரண்டு ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தைக் கம்பெனி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று செயலாளர் ஹமீது பாய் பேசினார்.

"பவுடர்காரனுக்கு யூனியனா? நம்ம ஓவர்டைம் என்னாச்சு?"
"சந்தா அவனும்தானய்யா கட்டறான்!"

ஒரே கூச்சல். எழுந்தேன். எழுதிக்கொண்டு போனது மறந்துபோய், போத்தல் கதையைச் சொல்லிவிட்டேன். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "என் மகனுக்கு வாரம் ரெண்டு தடவை இப்படி" என்றேன். சிரிப்பு நின்றது. ஆதரவாகக் கை தூக்கினார்கள். நான் பேசி ஜெயித்த ஒரே கூட்டம். அதுவும் ஒன்றுக்கு வராததைப் பற்றி.

16, வெள்ளி
கம்பெனி சரி என்றது. ஒரு மாதம் பார்ப்பார்களாம். நாலு பேரில் ஒருவன் சோதனையில் தவறினாலும் நாலு பேருக்கும் அந்தச் சலுகை ரத்து. ஹமீது பாய் யூனியன் பெயரில் உறுதி கொடுத்திருக்கிறார். முதல் ஆள் ஜோசப், செவ்வாய்க்கிழமை. கறி வைத்த முர்தபா ரொட்டி வாங்கிப் போனேன். கருவாடு, விளக்கு பல்பு மறந்துவிட்டேன். திட்டு.

18, ஞாயிறு
பூசைக்கு ஜோசப் வரவில்லை. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. "காய்ச்சல்னு சொல்றான்" என்றாள் மேரி. நேற்று எங்கே போனான்? அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

20, செவ்வாய்
மேகமூட்டம். ஆங் மோ கியோவிலிருந்து இருவரும் ஒன்றாக பஸ் ஏறினோம். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே,
"அப்பா. சனிக்கிழமை. ஒரு தடவைதான்."
"இன்னிக்குத் தெரிஞ்சிடுமா?"
"ம்."
"வரலைன்னு சொல்லிட்டா?"
"அதுவும் தப்புதான்ப்பா. வர்ற வரைக்கும் விடமாட்டாங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா? இறங்கி எங்கே போவது?

போலீஸ் நிலைய வாசலில் ஹமீது பாய், கையில் மூன்று கோப்பிப் பொட்டலம். "முதல் நாளாச்சே அண்ணே, யூனியனும் கூட நிக்க வேணாமா?" ஜோசப்பின் தோளைத் தட்டினார். "நீதான்டா மத்த மூணு பேருக்கும் வழி." அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே தண்ணீர் திறந்துவிட்ட சத்தம். கோப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, உதடு மட்டும் அசையுது?"
"ஏழாம் வாய்ப்பாடு பாய்."
அவர் சிரித்தார்.

வாய்ப்பாடு இல்லை. மாதாவே, இவனுக்கும் என்னை மாதிரி வராமலே போகட்டும்.