கார்புரேட்டர் போன வழி

மே 8, வியாழன்

என் மகன் முரளி என் காரிலிருந்து கார்புரேட்டரையும் பெட்ரோல் பம்பையும் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். நான் கண் ஆபரேஷனுக்குப் பொன்னேரியில் படுத்திருந்த நேரம். தொலையவில்லை, எலி இழுத்துப் போகவில்லை. ஸ்பானர் போட்டுக் கழற்றினான்.

கத்திரி வெயில். கார் நிற்கும் கொட்டகையின் தகரம் காலையிலேயே சுட்டது.

தையில் சொந்தக்காரர்கள் முன்னால் பேசியது இதுதான். வைகாசி பிறப்பதற்குள் கார் தன் இன்ஜினில் ரோடு வரை போனால் கொட்டகை எனக்கு. போகாவிட்டால் கார் எடைக்கு. கொட்டகையை இடித்து, சிப்காட்டில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களுக்கு வாடகை ரூம். "கம்பெனிலேர்ந்து வந்தபடியே ஓட்டுவேன், வேற சாமான் ஒண்ணும் ஏத்த மாட்டேன்" என்று சொன்னவனும் நானே.

பாடி முடிந்தது. வயரிங், பிரேக் முடிந்தது. யாரிடமும் படிக்கவில்லை. வயல் பம்புசெட்டைப் பிரித்துப் பிரித்துக் கற்ற வேலை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஓடியிருக்கும். அது தெரிந்துதான் கழற்றினான்.

கேட்டேன்.

"இன்னா நைனா, ஒரு துருப்புடிச்ச டப்பாக்கு இம்மாம் பேஜாரு? பழைய சாமானோட கலந்து போய்க்கீது."

மருமகள் உள்ளேயிருந்து: "மாமா, சோறு ஆறுது."

சாப்பிடவில்லை.

மே 9, வெள்ளி

காயலான் கடை. அன்றைக்கே லோடு ஏறிவிட்டதாம், கும்மிடிப்பூண்டி யார்டுக்கு. கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். முரளி சொல்லி வைத்திருப்பான்.

வழியில் மெக்கானிக் ரவி: "எலக்ட்ரிக் பம்ப் ஒண்ணு, வேன் கார்புரேட்டர் ஒண்ணு. சாயந்தரமே ஓட உட்டுர்றேன் பெரியப்பா. எவனுக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியும் என்றேன். அறுபதுகளில் வந்த அம்பாசடரில் வேன் சாமான். அதைவிடக் கொட்டகையை இடிக்கட்டும்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட மறந்தேன்.

மே 10, சனி

யார்டு. அங்கே கார்புரேட்டர் என்று ஒரு பொருள் கிடையாது. பித்தளை உண்டு, அலுமினியம் உண்டு, இரும்பு உண்டு. நாகம்மா என்ற பெண், ஆந்திர எல்லையில் தடாப் பக்கத்து ஆள். கல்லின் முன் உட்கார்ந்து சுத்தியலால் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் பித்தளை ஒரு கூடை, மேல் ஓடு ஒரு கூடை.

"முழுசா வெச்சிக்கினு இன்னா பண்றது நைனா? பிரிச்சாத்தான் எனக்குக் கூலி."

கண்ணாடிக் கிண்ணம் வைத்த பெட்ரோல் பம்ப் வந்ததா என்றேன்.

"வந்துச்சே. கண்ணாடி எதுக்கும் ஆவாது. அதோ, அந்தக் குப்பைல."

குப்பையில் தேடினேன். கிண்ணத்தின் விளிம்பு மட்டும். என்னுடையதுதான், ஓரத்தில் முன்பே சில்லு பெயர்ந்த இடம் இருந்தது.

யார் போட்டது என்று கேட்டாள். சொன்னேன்.

"பெத்த புள்ளயா? எனுக்கு அப்படி ஒண்ணு இருந்தா அவனையும் உக்கார வெச்சி, பித்தளை தனி, இரும்பு தனின்னு பிரிச்சிருப்பேன்."

சிரிக்கவில்லை நான். அவள் நன்றாகச் சிரித்தாள். பிறகு அவளே: "இதே மாரி கிண்ணம் வெச்ச இன்ஜின் ஒண்ணு கம்பி உருட்டுற கம்பெனில நிக்குது நைனா. செவப்பு வண்டி, நெருப்பு அணைக்கிறது. லோடு எடுக்கப் போனப்ப பாத்தேன்."

அந்தக் காலத்தில் அம்பாசடர் இன்ஜினைப் போட்டே தீயணைக்கும் பம்ப் செய்தார்கள், நினைவிருக்கிறது. தூக்கம் வரவில்லை.

மே 12, திங்கள்

கம்பெனி. ஸ்டோர்ஸ் ஏகாம்பரம், ஆரணிக்காரன். "லஞ்ச் டைம்ல வா பெருசு, ஆள் இருக்காது. கழட்டிக்கினு போய்க்கினே இரு."

சிவப்பு டிரெய்லர். தூசியின் மேலேயே புதுப் பெயின்ட். இன்ஜினில் பெட்ரோல் பம்ப் முழுசு. கார்புரேட்டரில் பித்தளைப் பெயர்த்தகடுகூட அப்படியே. பம்பின் இரண்டு நட்டையும் தளர்த்தினேன்.

பின்னால் தகர ஷெட். வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் தங்குவது அங்கேதான். ஒரே வாசல், வாசலுக்குள் கேஸ் அடுப்பு. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். "தாத்தா, ரிப்பேர்?"

ஸ்பானரைக் கீழே இறக்கினேன்.

ஏகாம்பரம்: "சீக்கிரம் கழட்டு. இன்ஸ்பெக்சனுக்கு பெயின்ட் இருந்தா போதும். உள்ள எவன் பாக்குறான்?"

எதை எடுத்தால் இது ஓடாது என்று தெரிந்து எடுக்க வந்திருக்கிறேன். முரளி செய்ததும் அதே. இரண்டு நட்டையும் திரும்ப முடுக்கினேன்.

இதை ஸ்டார்ட் பண்ணு என்றேன். சிரித்தான். கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்த பிசின். பெட்ரோல் ஏற்றும் கை லீவரை ஆட்டினேன், இழுவையே இல்லை. உள்ளே பெட்ரோலை இழுக்கும் ரப்பர் டயாப்ரம் கருவாடாக இருக்கும். இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. ஷெட் பற்றிக்கொண்டால் இந்தப் பையன்களுக்கு இது ஒரு வாளித் தண்ணீருக்கும் சமம் இல்லை. சொன்னேன், சத்தமாகவே.

"பெருசு, சாமான் வேணுமா, வேணாமா? வேணாம்னா நடையைக் கட்டு. பஞ்சாயத்து பேச வந்துட்டாரு."

மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன், இல்லையாம். கேட் வரை கையைப் பிடித்து இழுத்துவந்து விட்டார்கள்.

எப்படியும் ஓடாத பம்ப், எடுத்திருக்கலாமே என்று பஸ்ஸில் ஒரு நினைப்பு. இல்லை.

மே 14, புதன்

மேஸ்திரி வந்து காரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டான். எட்டு ரூமாம்.

முரளி: "நாளிக்கு வைகாசி, நைனா. வார்த்தை உட்டது நீதானே?"

"நான்தான். திருடினது நீ."

"அப்ப வேற கார்புரேட்டர் மாட்டி ஓட்டிக்கினு போயேன். யாரு கேக்கப் போறாங்க?"

நான் கேட்பேன் என்றேன். மருமகள் அழுதாள். யாருக்காக என்று தெரியவில்லை.

மே 15, வியாழன்

வைகாசி ஒன்று. காற்றில்லை. வண்டி நகரவில்லை.

ஆக வேண்டியவை:

முரளி - கார் எடைக்குப் போகும்போது லாரியில் கூடவே போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. நாகம்மா உடைத்து முடிக்கும்வரை எதிரில் நிற்க வேண்டும்.

மேஸ்திரி - ஒவ்வொரு ரூமுக்கும் இரண்டு வாசல். அடுப்பு வெளியே. முடியாது என்றால் கோட்டின் மேல் நாற்காலி போட்டு உட்காருவேன். அவனிடம் சொல்லியாகிவிட்டது.

மேனேஜர் - அந்தத் தீ பம்பை வாரம் ஒருமுறை ஓட்ட ஒரு ஆள். பையன்கள் ஷெட்டுக்கு இன்னொரு வழி. எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவது. தராவிட்டால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம்.

ஏகாம்பரம் - கேட்டில் என்னை விடச் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்ன எடுத்துப்போகச் சொன்னான் என்பது மேனேஜருக்கு இன்னும் தெரியாது.

நான் - சனிக்கிழமை சென்னைப் புதுப்பேட்டை, பழைய வண்டிச் சாமான் கடைகளுக்கு. கம்பெனித் தீ பம்பின் பெட்ரோல் பம்புக்கு டயாப்ரம், இந்தப் பெட்ரோலைத் தாங்கும் ரப்பராக. பழைய மாதிரியே வேண்டும் என்று கேட்கக் கூடாது.