சட்டி வைக்காத பாஸ்கு

யேசு மரி சூசை துணை
திருச்சுழி
6.4.1986

அன்பு மகன் இன்பராஜுக்கு அம்மா எழுதுவது.

பம்பாயிலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. இந்நேரம் ஷார்ஜா போய்ச் சேர்ந்திருப்பாய் என்று அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன். அங்கே வெயில் எப்படி? இங்கே பங்குனி முடியுமுன்பே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன். கிளம்புவதற்கு உனக்குப் பெரிய வெள்ளிக்கிழமைதானா கிடைத்தது? நாற்பது நாள் கறி மீன் தொடாமல் ஒருசந்தி இருந்த பிள்ளை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குக்கு இரண்டு நாள் இருக்கையில் வெறும் கஞ்சியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினாய். அப்பா தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே உனக்கு வாத்தியார் வேலை கேட்டு வைத்திருந்தார். நீ கடைசி வாரம்வரை மூச்சு விடவில்லை. "ரெண்டு நாளு பொறுக்க மாட்டானாமா? போறவன் போகட்டும். இனி அவன் பேரு இந்த வீட்டுல வரப்படாது" என்றார். அன்றிலிருந்து உன் பேரை எடுக்கவில்லை.

பாஸ்குக்கு வழக்கம்போல எல்லாம் செய்தேன். முந்திரிக்கொத்து, அதிரசம், எள் முறுக்கு. அப்பாவும் சாப்பிட்டார். உன் பங்கைத் தனியாக பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எறும்பு ஏறிவிட்டது. ஒற்றைப் பிள்ளையின் பங்கை எறும்பு தின்கிறதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா மதலேனம்மாள்

*

ஷார்ஜா
1.6.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். ஏ.சி. கம்பெனி ஒன்றின் குடோனில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓர் அறையில் ஆறு பேர். வீரசோழன் ஊர் ஹாஜா நஜ்முதீன் அண்ணன் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நான் பார்த்து எடுத்த நாள் இல்லை அம்மா. திங்கட்கிழமை விமானம், அதற்குள் பம்பாய் வந்து சேர் என்று தந்தி வந்தது. அதைச் சொல்ல அப்பா முன்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஏறும்போதும் வெளியே வரவில்லை. அவருக்குத் தனியாக இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன். படித்தாரா?

ஒன்று எழுதுகிறேன், வருத்தப்படாதீர்கள். அப்பா தன் வாயால் 'வா' என்று சொல்லாமல் அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்தாலும் சரி, இருபது வருஷம் ஆனாலும் சரி. கூப்பிடாத வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? மாதா அறிய எழுதுகிறேன்.

அவர் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்,
இன்பராஜ்

*

திருச்சுழி
12.10.1986

அன்பு மகனுக்கு,

ஐப்பசி பிறக்கப்போகிறது, மழையைக் காணோம். குடிதண்ணீருக்கு நானும் மாரிக்கனியும் மைல் தூரம் நடக்கிறோம். அடுத்த வீட்டுக்காரியாக அவள் வாய்த்திராவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

அப்பாவுக்கு நீ போட்ட கடிதங்களை அவர் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறாரே, அதற்குள் செருகி வைத்துவிட்டார். கிழித்துப் போடவும் இல்லை. அதை நான் நல்லதாக எடுத்துக்கொள்கிறேன்.

நீ செய்திருக்கும் சத்தியம் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. உனக்கு உன் அப்பாவின் வீம்பு அப்படியே வந்திருக்கிறது. நடுவில் ஒருத்தி இருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. கிறிஸ்துமஸ் வரட்டும், நான் மெல்லப் பேசிப் பார்க்கிறேன்.

அம்மா

*

திருச்சுழி
8.3.1987

அன்பு ராசா இன்பத்துக்கு,

ரொம்ப நாளாய் எழுதவில்லை என்று கோபிக்காதே. கை வலி. இப்போது சந்தோஷமான சேதியோடு எழுதுகிறேன்.

அப்பா பேசினார். சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து வந்து, நெற்றியில் சாம்பலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். "அவன் அங்க ஒருசந்தி இருக்கானா? வெயில்ல வேலை பாக்குறவன் இருக்க வேணாம்னு எழுது" என்றார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஒப்பந்தம் முடிஞ்சதும் வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

அவருக்குத் தனியாக எழுதாதே, வெட்கப்படுவார். எனக்கே எழுது.

அம்மா

*

ஷார்ஜா
29.3.1987

அம்மா,

உங்கள் கடிதத்தை குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். மேனேஜர் வந்து என்ன விஷயம் என்று கேட்கும் அளவுக்கு அழுதிருக்கிறேன். அப்பா வரச் சொன்னார் என்று அவரிடமும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா சொன்னதையும் மீறி ஒருசந்தி இருக்கிறேன், அவருக்காகவே. அடுத்த வருஷம் பங்குனியில் நான் நம் வீட்டில் இருப்பேன்.

ஹாஜா அண்ணன் இப்போது லீவில் வீரசோழன் வந்திருக்கிறார். பாஸ்கு முடிந்ததும் திரும்புகிறார். அவர் கையில் பலகாரம் கொடுத்துவிடுங்கள். போன வருஷம் எறும்பு தின்ற பங்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முக்கியமாக முந்திரிக்கொத்து.

இன்பராஜ்

*

திருச்சுழி
21.4.1987

அன்பு மகனுக்கு,

ஹாஜா தம்பி கையில் டின்னைக் கொடுத்திருக்கிறேன். முறுக்கு, அதிரசம், மாவுருண்டை. எல்லாம் என் கையால் செய்தது. முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கும்போது அசந்துவிட்டேன், கருகிப்போனது. அடுத்த வருஷம் நீ வரும்போது செய்து தருகிறேன். பாஸ்கு நன்றாக நடந்தது. அப்பா சுகம். கறிக்குழம்பில் காரம் போதாது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

டின்னை மட்டும் வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிடாதே. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் தருவது நம் வீட்டில் வழக்கமில்லை. நாலு பேரீச்சம்பழமாவது போட்டு அனுப்பு.

அம்மா

*

ஷார்ஜா
10.5.1987

அம்மா,

டின் வந்தது. அறையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஒரு முறுக்கைக் கடித்தேன். ஓமம் வாசம் வந்தது. நீங்கள் முறுக்கில் எள்ளைத் தவிர எதுவும் போட்டதில்லை. ஓமம் போடுவது மாரிக்கனி அக்கா. அதிரசத்தில் சுக்கு தூக்கலாக இருந்தது. அது சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடை வீட்டுக் கோகிலாம்பாள் அத்தை பக்குவம். மாவுருண்டை யார் செய்தது என்று ஹாஜா அண்ணனிடம் கேட்டேன். தன் வீட்டில் ரைஹானா மதினி செய்தது என்று ஒப்புக்கொண்டார். டின்னில் உங்கள் கை எங்கேயும் இல்லை.

உங்களுக்கு உடம்பு முடியவில்லையோ என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் முடியவில்லை என்று எழுதியிருப்பீர்கள். எல்லாம் என் கையால் என்று எழுத மாட்டீர்கள்.

மாரிக்கனி அக்காவின் புருஷன் செத்த வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது என்று சொல்லி, நீங்கள்தான் தீபாவளிக்கு அவர்களுக்குத் தட்டு நிறையப் பலகாரம் வைத்துக் கொடுத்தீர்கள். இப்போது அவர்கள் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா, நம் வீட்டில் இருப்பது இரண்டு பேர். கடிதம் எழுதியது நீங்கள்.

ஹாஜா அண்ணனிடம் நேராகவே கேட்டேன். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார். "ஒங்கம்மாட்டயே கேளுப்பா" என்றார்.

எப்போது என்று எழுதுங்கள். அப்பா வரச் சொன்னது அதற்கு முன்னாலா, பின்னாலா என்பதையும் எழுதுங்கள்.

இன்பராஜ்

*

திருச்சுழி
30.5.1987

இன்பராஜ்,

பொங்கல் கழித்து மூன்றாம் நாள், ஜனவரி பதினேழு. காலையில் பூசைக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அடக்கம். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். மகன் பங்குக்கு யார் போடுவது என்று கோயில் உபதேசியார் கேட்டார். அந்தப் பிடியை யாரும் போடவில்லை.

தந்தி கொடுக்கத் தபாலாபீஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். உன் பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, விட மாட்டார்கள் என்று ஊரில் சொன்னேன். அது பாதி நிஜம். அவர் அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்காமலே போய்விட்டார் என்று தெரிந்தால் நீ இந்தப் பக்கமே திரும்ப மாட்டாய் என்று பயந்தேன். உனக்கு யாரும் எழுத வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். உயிரோடு இருந்தவரை அவர் வாயில் வராத வார்த்தையை, செத்த பிறகு நான் அவர் வாயில் வைத்தேன். சாம்பல் புதனன்று அவர் கல்லறை மண் இன்னும் இறுகக்கூட இல்லை.

பலகாரத்துக்கு மட்டும் என்னால் முடியவில்லை. நீ கேட்டு எழுதியதும் மாவு சலித்து, சட்டியை எடுத்து அடுப்பருகே வைத்துவிட்டேன். பொய் எழுத வந்த கை, சட்டி வைக்க வரவில்லை. அப்படியெல்லாம் சட்டம் கிடையாது என்று சாமியார் சொல்கிறார். அவருக்கென்ன, அவர் குடும்பம் நடத்தியவரா? மூன்று வீட்டில் கொடுத்ததை டின்னில் போட்டு என் கை என்று எழுதினேன். முந்திரிக்கொத்து அவர்கள் யாருக்கும் வராது.

உனக்குப் போட்ட கடிதங்களில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. நீ போன வருஷம் பாஸ்குக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. சனிக்கிழமை காலையில் பயறை வறுக்க எடுத்தேன். அப்பா வந்து, "இந்த வருசம் சட்டி வைக்காத" என்றார். "இந்த வீட்டுல யாரு செத்தா?" என்று கேட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். உனக்கு எழுதிய எறும்புகூட நான் சொந்தமாக எழுதிய எறும்புதான்.

உன்னைச் செத்தவன் கணக்கில் வைத்து அப்படிச் சொன்னாரா, நீ இல்லாமல் அவருக்குத் தொண்டையில் இறங்காது என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை. உன் கடிதங்கள் பிரிக்காமல் பதிவேட்டிலேயே இருக்கின்றன.

இவ்வளவுதான் நிஜம்.

அம்மா

*

ஷார்ஜா
14.3.1988

அம்மாவுக்கு,

பத்து மாதமாக நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் சாம்பல் புதன்தான் ஞாபகத்துக்கு வருகிறது. போன வருஷம் நான் அப்பாவுக்காக ஒருசந்தி இருந்தேன். அவருக்காகத் துக்கம் இருக்க வேண்டிய நாள்களில், அவர் கூப்பிட்டார் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அறையில் ஒருத்தன் கல்யாணத்துக்கு ஆடியிருக்கிறேன். அதை நீங்கள் எனக்குச் செய்திருக்க வேண்டாம்.

ஹாஜா அண்ணன் வருகிறார். டின்னைக் கொடுத்துவிட்டிருக்கிறேன். வெறுமையாக அனுப்பக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குடோன் வாசலில் அள்ளிய மணல் ஒரு பிடி இருக்கிறது. அப்பா தலைமாட்டில் போட்டுவிடுங்கள். என் பங்கு.

ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா வரச் சொல்லவில்லை. அதனால் நான் வரவில்லை.

இன்பராஜ்

*

திருச்சுழி
5.4.1988

என் இன்பத்துக்கு,

டின் வந்தது. பேரீச்சம்பழம் என்று நினைத்துத்தான் திறந்தேன். கடிதத்தைப் பிறகுதான் படித்தேன்.

பாஸ்கு அன்று விடிகிற நேரத்தில் கல்லறைக்குப் போனேன். மணலை அவர் தலைமாட்டில் போட்டேன். நம் ஊர் மண் கறுப்பு, உன் மணல் வெளுப்பு. அது தனியாகத் தெரிகிறது. மழை பெய்தால் கலந்துவிடும். மழைதான் இல்லை.

வருஷம் திரும்பிவிட்டதால் சட்டி வைத்தேன். தனியாக வைக்க வேண்டாம் என்று மாரிக்கனி வந்து கூட உட்கார்ந்துகொண்டாள். முந்திரிக்கொத்துதான் செய்தேன். முதல் ஈடு உடைந்துபோயிற்று. அப்புறம் சரியாக வந்தது. மூன்று வீட்டுக்கும் கொடுத்தேன். மீதியைத் துடைத்த டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். நீ குடோனை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறாய், புது விலாசம் தனக்கும் தரவில்லை என்று ஹாஜா தம்பி சொன்னார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியாது. பழைய விலாசத்துக்கே போடுகிறேன்.

அடுப்பின் முன்னால் இருந்தபோது ஒன்று யோசித்தேன். உனக்கு இத்தனை கடிதம் எழுதினேன். அப்பா பேசினார், அப்பா பேசவில்லை, அப்பா கூப்பிட்டார் என்று எல்லாவற்றையும் அவர் பேரிலேயே எழுதியிருக்கிறேன். நான் கூப்பிட்டால் நீ வரமாட்டாய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இந்த வீட்டில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று எனக்கே தோன்றவில்லை. உன்னிடம் நான் செய்த பெரிய தப்பு அதுதான். பொய் எழுதியது அதற்கு அடுத்ததுதான்.

அவர் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டார். இதை நான் சொல்கிறேன், என் பேரில்.

வா.

உன் அம்மா,
மதலேனம்மாள்