டைகர் என்றால் திரும்பாத நாய்

சிவமயம்

கோனாபட்டு,
8-1-1957

சிரஞ்சீவி கண்ணப்பனுக்கு ஆத்தா ஆவுடையாள் எழுதுவது. இங்கு நானும் உன் மனைவி காமாட்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பினாங்கில் உன்னையும் பழனியாண்டவன் அப்படியே வைத்திருப்பான். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். இதில் எழுத வேண்டியதை அவர் காதில் போடக் கூச்சமாக இருக்கிறது.

நீ அனுப்பிய நாய் வந்து சேர்ந்தது.

பக்கத்துத் தெருவில் கன்னம் வைத்துத் திருடிவிட்டார்கள், இத்தனை பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர் தனியாகக் கிடக்கிறோம், ஒரு நடை வந்து போ என்று எழுதினேன். நீ கப்பலேறி ஏழு வருஷமாகிறது. மகனை வரச் சொன்னால் நாயை அனுப்புகிறாய். "கண்ணப்பன் வந்திருக்காகளாமே, ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டு ஊரில் நாலு பேர் வந்தார்கள். நான் நாயைக் காட்டினேன்.

அதை அனுப்பியதாவது ஒழுங்காக அனுப்பினாயா? உன் கடை ஆள் பிச்சைமுத்துவுக்கு நாயென்றாலே பயம். அவன் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறாய். கப்பலில் வெயில் அடிக்கிற மேல்தளத்தில் ஒரு கம்பத்தோடு நார்க்கயிற்றால் கட்டிப் போட்டானாம். கப்பல் ஆட ஆட, கயிறு கழுத்தை அறுத்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறினார்கள். கார்டு வண்டியில் இருக்கிற இரும்புக் கூண்டில் அதைப் போட்டுவிட்டு இவன் வேறு பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். திருச்சிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஏனடா என்று கேட்டால், "முதலாளி அதப்பத்தி ஒண்ணும் சொல்லலீங்க ஆச்சி" என்கிறான். திருமயத்தில் இறக்கும்போது நிற்க முடியாமல் விழுந்துவிட்டது. கழுத்துப் புண்ணில் ஈ மொய்த்தது. காமாட்சிதான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றிக்கொண்டிருக்கிறாள். எரிந்தாலும் அது அவள் கையைக் கடிப்பதில்லை.

காவலுக்கு என்று எழுதியிருந்தாய். தபால்காரனைக் கண்டால் வாலை ஆட்டுகிறது. கீரை விற்கிறவளுக்கு முன்காலைத் தூக்கிக் கொடுக்கிறது. நீ எழுதிய பெயரைச் சொல்லி டைகர், டைகர் என்று எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று, நம் வீட்டில் வேலை செய்கிற மாரியை நான் கூப்பிட்டால், அவளுக்கு முந்தி இது ஓடி வந்து நிற்கிறது. அதைப் பார்த்துக் காமாட்சி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டு வெகுநாளாயிற்று.

புதுக்கோட்டையில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களைப் பழக்க வகுப்பு நடத்துகிறாராம். புண் ஆறியதும் அங்கே கொண்டுபோகிறோம். நீ எப்போது வருகிறாய் என்பதை மட்டும் எழுது. வேறு எதையும் அனுப்பாதே.

வேணும் ஆசீர்வாதம்.

ஆவுடையாள்


சிவமயம்

கோனாபட்டு,
19-2-1957

சிரஞ்சீவி கண்ணப்பனுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு க்ஷேமம். உன் க்ஷேமத்துக்குக் கடிதம் இல்லை.

நாய் வகுப்புக்குப் போய் வருகிறோம். முதல் நாள் பஸ் கண்டக்டர் நாயை மேலே சாமான்களோடு கட்டச் சொன்னான். வழியில் அது குதித்தால் கழுத்தில் சுருக்கு மாட்டித் தொங்குமே என்றேன். "அப்ப ஏத்த முடியாதுங்க ஆச்சி" என்றான். நீ மேலே ஏறிக்கொள், உன் இடத்தில் நாய் நிற்கட்டும் என்றேன். பஸ்ஸே சிரித்தது. வாய்க்கூடை போட்டு, சங்கிலியைக் கையில் பிடித்து, கடைசி இருக்கைக்கு அடியில் படுக்க வைத்துக்கொள்ளச் சம்மதித்தான். அது ஊர் போய்ச் சேரும்வரை காமாட்சியின் பாதத்தில் மோவாயை வைத்துக் கிடந்தது.

வகுப்பு நடத்துகிறவர் பெயர் செபமாலை. மைதானத்தில் புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் நாய்களோடு நிற்கிறார்கள். எல்லாம் கால்சட்டை போட்ட ஆண்கள். நாங்கள் இரண்டு பேர்தான் சேலை. நாயைப் பழக்குவார் என்று போனால் மனிதர்களைத்தான் பழக்குகிறார். ஒரு சொல்லை ஒரு தடவை சொல்லுங்கள், சொன்னால் பின்வாங்காதீர்கள், அது செய்துவிட்டால் தடவிக் கொடுங்கள், செய்யாவிட்டால் கையை ஓங்காதீர்கள் என்கிறார். காமாட்சியின் முறை வந்தபோது அவளுக்குத் தொண்டையிலிருந்து குரலே வரவில்லை. இந்த வீட்டில் அவள் எப்போது யாரை அதட்டியிருக்கிறாள்?

நாய் டைகருக்கும் திரும்பவில்லை, அவர் சொன்ன இங்கிலீஷ் சொற்களுக்கும் அசையவில்லை. மாரி என்றால் மட்டும் வருகிறது என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யுத்த காலத்தில் அவர் மலாயாவில் இருந்தவராம். "ஆச்சி, மலாய்ப் பேச்சுல மாரின்னா இங்க வான்னு அர்த்தம்" என்றார். பிறகு நாயைப் பார்த்து அதே மலாய்ப் பேச்சில் டூடோக் என்றார். அது காதை மட்டும் நிமிர்த்தியது. அவர் காமாட்சியிடம், "நீங்க சொல்லுங்கம்மா, மெல்லிசாச் சொல்லுங்க" என்றார். அவள் அந்தச் சொல்லைச் சின்னக் குரலில் சொன்ன மாத்திரத்தில் நாய் உட்கார்ந்தது. பாரிங் என்று சொல்லச் சொன்னார். படுத்தது.

அவர் அதன் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், முதுகில் கையை அழுத்திப் பார்த்தார். அது பேசாமல் கிடந்தது. "இது ஆம்பளை பழக்குன நாயில்லீங்க. சின்னப் புள்ள வச்சு வெளையாண்டு பழக்குனது. காதப் புடிச்சு இழுத்தாலும், மேல ஏறி உக்காந்தாலும் பொறுத்துப் பழகியிருக்கு. யார் வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார்.

யார் வீட்டுப் பிள்ளை, கண்ணப்பா?

காமாட்சி என் முகத்தையும் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். "கடையில தங்கியிருக்கறதாத்தானே எழுதுவாக, அத்தை? கடையில ஏது புள்ள?" என்றாள்.

லீவில் இருக்கிற பிச்சைமுத்துவைக் கீரமங்கலத்திலிருந்து ஆள் விட்டுக் கூட்டி வரச் சொன்னேன். வந்தவன் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆச்சி, என்னைய ஒண்ணும் கேக்காதீக, என் பொழப்புப் போயிரும்" என்றான். நான் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. உன் பிழைப்புக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகு எல்லாம் சொன்னான். சீனக் குடும்பத்துப் பெண், மலாய் பேசுகிறவள், கடைக்குப் பின் தெருவில் அவளோடு நீ நடத்துகிற குடித்தனம், ஒரு பெண் குழந்தை. காமாட்சி உள்கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

ஏழு வருஷமாக இவள் உன் பெயரைச் சொல்லி விரதம் இருக்கிறாள். பிள்ளை இல்லையே என்று இவளைக் கோயில் கோயிலாக இழுத்துப் போனேன். உறவுக்காரிகள் விசேஷ வீட்டில் இவளை முன்னால் நிற்க விடாமல் ஒதுக்கினார்களே, நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேனே! உன் கடிதம் ஒவ்வொன்றிலும் 'வியாபாரம் மந்தம், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று இருந்தது. அதை நம்பி நான் இவளுக்கு ஆறுதல் சொன்னேன். என் வாயாலேயே இவளிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறாய்.

உள்ளது உள்ளபடி எழுது. பூசி மெழுகி எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

ஆவுடையாள்


சிவமயம்

கோனாபட்டு,
2-4-1957

கண்ணப்பனுக்கு ஆத்தா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. 'நாய் இங்கே எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் வீட்டுக்குத் தேவைப்படுகிறது, பிச்சைமுத்து திரும்பும்போது அவனோடு அனுப்பி வைக்கவும்' என்று ஏதோ மிளகாய் மூட்டைக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய். அந்த நண்பருக்கு எத்தனை வயது?

பினாங்கிலிருந்து போன மாத ஆரம்பத்தில் வந்த இன்னொரு கடை ஆள் பிச்சைமுத்துவிடம் சொல்லியிருக்கிறான். நாய் போன நாளிலிருந்து அந்தக் குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லையாம், காய்ச்சலாகக் கிடந்ததாம், துறைமுகத்துக்குக் கூட்டிப்போ என்று அழுகிறதாம். என் வாயை அடைப்பதற்கு ஒரு குழந்தையின் கையிலிருந்து பறித்தா அனுப்பினாய்? பெண்டாட்டிக்குச் செய்த துரோகத்தைக்கூட இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இதை எந்த மனசோடு செய்தாய்?

கோபத்தில் நாயை அனுப்ப மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். கிடந்து தவிக்கட்டும் என்று உன்னை நினைத்துச் சொன்னேன். காமாட்சிதான், "தவிக்கிறது அவுக இல்ல அத்தை, அந்தப் புள்ள" என்றாள்.

நாய் வருகிறது. ஆனால் வந்தபோது வந்த மாதிரி போகாது. நின்றால் தலை இடிக்காமலும், படுத்தால் திரும்பிப் படுக்க இடமிருக்கும்படியும், நாலு பக்கமும் காற்று வரும்படியும் பெட்டி செய்ய வேண்டும் என்று செபமாலை சொன்னார். தச்சரை வைத்து அப்படியே செய்திருக்கிறோம். காமாட்சி தன் பழைய சேலையை அதில் விரித்து, கதவைத் திறந்து வைத்து, சோற்றை அதற்குள்ளேயே வைத்துப் பழக்கினாள். பிறகு கதவைச் சாத்திப் பழக்கினாள். பிறகு பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றித் திருமயம் சாலையில் குலுங்கக் குலுங்கப் போய் வந்தாள். ஊரே நின்று பார்த்தது. அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. இப்போது அது கதவைத் திறந்தால் தானாக உள்ளே போய்ப் படுக்கிறது.

பிச்சைமுத்துவும் மூன்று ஞாயிறு வகுப்புக்கு வந்தான். பயம் தெளிந்திருக்கிறது. கழுத்தில் கயிறு கூடாது, பெட்டியை வெயிலிலும் புகைபோக்கிப் பக்கத்திலும் வைக்கக் கூடாது, புறப்படும் முன் வயிறு நிறையப் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்ட வேண்டும், காலையும் மாலையும் சங்கிலி போட்டு நடத்த வேண்டும் என்று எல்லாம் ஒப்பிக்கிறான். மாட்டு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கியாயிற்று. நாகப்பட்டினம்வரை நானும் காமாட்சியும் கூடப் போகிறோம். அவன்மேல் கோபப்பட்டு வேலையை விட்டு நிறுத்தினாயானால், கடையில் உன் அப்பச்சி போட்ட முதல் பணத்தை நான் திருப்பிக் கேட்க வேண்டிவரும்.

காமாட்சியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதவில்லை, தெரிந்துகொள்ள எழுதுகிறேன். அவள் கல்யாணத்துக்கு முன்பே எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். ஜூன் மாதம் திருச்சியில் வாத்தியார் வேலைக்கான பயிற்சிப் பள்ளியில் சேருகிறாள். ஹாஸ்டலில் இருப்பாள். அவள் அண்ணன் வந்து குதித்தான். ஒருத்தன் பெண்டாட்டி இப்படித் தனியாகப் போய் இருப்பதா, மாப்பிள்ளை மனசு மாறி வருவார், இன்னும் கொஞ்சம் பொறு என்றான். அவள் அவனைப் பார்த்து, "நான் போறேண்ணே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். குரல் உயரவில்லை. அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவளுக்கு வேண்டியதெல்லாம் நான் செய்கிறேன். உனக்குக் கட்டி வைத்து அவளைக் கூட்டி வந்தவள் நான்தானே.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொல்கிறார். போவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். அவள் கழுத்தில் கிடப்பதை வைத்துக்கொள்வதும் கழற்றுவதும்கூட அவள் இஷ்டம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீயும் இனி அவளுக்கு நேரே கடிதம் எழுதாதே. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் கப்பலேறி வந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேள்.

எனக்குக் காவல் வேண்டாம். மாரியின் குடும்பத்தை நம் வீட்டு முன்கட்டிலேயே வந்து இருக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சீனப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கிறாயா? ஊரில் கட்டியவள் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் அவளும் காமாட்சியைப் போல ஏமாந்தவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். சொல்ல உனக்கு வாய் வராது. பிச்சைமுத்துவிடம் சொல்லி அனுப்புகிறேன்.

நாய் துறைமுகத்தில் இறங்கும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் நில். பெட்டிக் கதவை அவள் கையாலேயே திறக்கச் சொல். கழுத்தில் முடி முளைக்காத தழும்பு ஒன்று இருக்கும். அது என்னவென்று அவள் கேட்பாள். உன் வாயால் பதில் சொல்.

உனக்கு ஆசீர்வாதம் என்று எழுத இன்றைக்குக் கை ஓடவில்லை. பழனியாண்டவன் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் நீக்கி நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆறு வயதாகிறதாம். அவளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று பிச்சைமுத்துவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதை மட்டுமாவது எனக்கு எழுது.

அவளுடைய அப்பத்தா,
ஆவுடையாள்